இதற்கு மேல் நான் போனதில்லை

பழவங்காடியிலிருந்து பவர்ஹவுஸ் ரோட்டுக்குள் திரும்பினால், இடது கைப் பக்கம் மூன்றாவது சந்து. அதில் பச்சைப் பெயின்ட் அடித்த மூன்று மாடிக் கட்டடம், சந்திரிகா லாட்ஜ். இந்த வழியில் ஒரு தப்பும் இருக்காது. ஏனென்றால் இது ராகேல் சொன்ன வழி.

ராகேல் அந்த லாட்ஜின் வரவேற்பு மேசையில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறாள். சொந்த ஊர் பாறசாலை, வாடகை வீடு நேமத்தில். பத்தாம் வகுப்புவரை தமிழ் மீடியம், அதோடு படிப்பு நின்றுபோயிற்று. இங்கிலீஷ் என்பது அவளுக்குப் பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் வந்துபோகிற தொல்லையாகத்தான் இருந்தது. அப்படிப்பட்டவள் எழுதிய இங்கிலீஷ் சீட்டுகளை மாலத்தீவுக்காரர்கள் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள், அடுத்து வருகிற சொந்தக்காரனிடம் கொடுத்தனுப்புகிறார்கள் என்றால் சும்மாவா?

விஷயம் இதுதான். லாட்ஜில் தங்குகிறவர்களில் பாதிப் பேர் வைத்தியத்துக்கு வருகிறவர்கள். மாலத்தீவில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் திருவனந்தபுரம். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. ராகேலுக்கு அவர்கள் பாஷை தெரியாது. நடுவில் இருப்பது இரண்டு தரப்பும் இரவல் வாங்கிய இங்கிலீஷ். எந்த பஸ், எங்கே ஏறுவது, எங்கே இறங்கி எப்படி நடப்பது என்று ராகேல் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பாள்.

ஊர்ப்பெயரை எழுதுவது சுலபம். அதற்கு முன்னால் வருகிற குட்டிச் சொல்லில்தான் பிராணன் போகும். நமக்கு 'வழி' என்ற ஒரே சொல் போதும். கரமனை வழி, கோயில் வழி, பாலம் வழி. பஸ் போர்டிலும் அதுதான். இங்கிலீஷ்காரன் அப்படி விடுவானா? உள்ளே புகுந்து போனால் ஒரு சொல், ஓரமாகப் போனால் ஒரு சொல், மேலே ஏறிப் போனால் ஒரு சொல், கூடவே போனால் இன்னொரு சொல். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ராகேல் இது எதையும் சட்டை செய்யவில்லை. கையில் அகப்பட்டதை எழுதினாள். ஒரு ஜெர்மன்காரருக்குக் கிழக்குக் கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வழி எழுதியபோது, கணபதி கோயில் என்ற பெயருக்கு முன்னால், உள்ளே புகுந்து போகிற 'த்ரூ'வைப் போட்டுவிட்டாள்.

அந்த மனுஷன் சொன்ன சொல் தட்டாத ஜாதி. அரைக்கால் சட்டையும் பூட்ஸும் முதுகுப் பையுமாக நேரே கோயிலுக்குள் நுழையப் பார்த்திருக்கிறார். விடலைத் தேங்காய் உடைக்கிற நேரம். நாலு பேர் ஓடிவந்து தடுத்து நிறுத்த, கால் முழுக்கத் தேங்காய்த் தண்ணீரோடு லாட்ஜுக்குத் திரும்பி வந்து, "வேறு வாசல் ஏதாவது உண்டா?" என்று மரியாதையாகக் கேட்டார். மற்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ராகேலுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் எழுத்தை நம்பி ஒரு மனுஷன் அடி வாங்கப் பார்த்தானே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

அன்றைக்குப் பிடித்த வைராக்கியம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டில் சோறு வடித்து வைத்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பஸ் ஏற ஆரம்பித்தாள். ஜன்னலோர சீட். ஒரு வாரம் மெடிக்கல் காலேஜ், ஒரு வாரம் சங்குமுகம், ஒரு வாரம் விழிஞ்ஞம். போகிற வழியெல்லாம் குறிப்பு. இரண்டு பக்கமும் அந்த இடத்துக்கே சொந்தமாக இருந்தால் 'த்ரூ'. சாலைக் கடைத்தெருவுக்கு அது பொருந்தும். கண்ணால் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் கடந்தால் 'பாஸ்ட்'. தண்டவாளம் மாதிரி கூடவே வந்தால் 'அலாங்'. 'வயா' பஸ்ஸுக்கு மட்டும், நடக்கிற மனுஷனுக்கு அது கிடையாது. ஓவர்பிரிட்ஜ் என்ற ஸ்டாப்பில் இறங்கச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் தலைக்கு மேலே பாலத்தைத் தேடுவார்கள். நிற்கிற இடமே பாலம்தான் என்று யாருக்குத் தெரியும்? அதற்கும் ஒரு வரி சேர்த்தாள். இலக்கணப் புத்தகம் எதையும் அவள் தொட்டதில்லை. பஸ் டிக்கெட்தான் அவளுக்கு டியூஷன்.

அதோடு ஒரு சட்டமும் வைத்துக்கொண்டாள். தன் கால் படாத வழியை எழுதுவதில்லை. யாராவது புது இடம் கேட்டால், "அடுத்த திங்கக்கிழமை தாறேன்" என்பாள். லாட்ஜ் முதலாளி அம்மிணியம்மாவுக்கு இதில் கொஞ்சம் எரிச்சலும் உண்டு, அதைவிடக் கூடுதலாகப் பெருமையும் உண்டு. அவர் ஊருக்குள்ளேயே ஆரியசாலையில் இருக்கிற தமிழ் வியாபாரிக் குடும்பம். "நம்ம ராகேலு ஒரு எழுத்து எழுதினா கலெக்டர் ஆர்டர் மாதிரியாக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

போன மாசி மாதம் அந்தச் சட்டத்துக்கு ஒரு சோதனை வந்தது.

மாலத்தீவிலிருந்து யூசுப் என்பவர் தன் மனைவி ஆமினத்தோடு வந்து தங்கியிருந்தார். அறுபது தாண்டிய படகுக்காரர், தீவு தீவாகச் சரக்குப் படகு ஓட்டுகிறவர். ஆமினத் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். இரண்டு கண்ணிலும் கருவிழி வெளுத்துப்போய், ஐந்து வருஷமாக வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. பேட்டைக்கு அப்பால் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பதிந்துவிட்டு, யாராவது தானம் செய்த கருவிழி கிடைக்கும்வரை காத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரம் ஓடிவிட்டது.

யூசுப் சீட்டைக் கடல் வரைபடம் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார். முதல் சீட்டை வாங்கிய அன்றே ஒரு விரலை அதில் வைத்து, "பாஸ்ட் என்றால் எந்தக் கைப் பக்கம்? தீவைக் கடக்கிறபோது எந்தக் கை என்று சொல்லாவிட்டால் பாறையில் ஏறிவிடுவோமே" என்று கேட்டார். ராகேலுக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. அன்றிலிருந்து அவள் சீட்டில் ஒவ்வொரு கோயிலும், ஒவ்வொரு பெட்ரோல் பங்கும் இடது கையோ வலது கையோ பெற்றுக்கொண்டன.

பொங்காலை நாள் வந்தது. பெண்கள் தெருவிலேயே அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற ஆற்றுக்கால் பொங்காலையன்று திருவனந்தபுரத்தில் ரோடு என்ற ஒன்றே கிடையாது. கோயிலிலிருந்து பல மைல் தூரத்துக்கு ரோடெல்லாம் அடுப்பு. மூன்று செங்கல், ஒரு மண்பானை, ஒரு பெண். அதை ஒட்டி அடுத்த மூன்று செங்கல். லாட்ஜில் ஒரு அறை மிச்சமில்லை. தங்கியிருந்த பெண்கள் எல்லாம் விடிவதற்கு முன்பே வெளியில் இடம் பிடித்துவிட்டார்கள். அம்மிணியம்மாவே லாட்ஜ் கேட்டின் நடுவில் அடுப்புப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மகன் வினீத் அத்தைமாரைக் காரில் கொண்டுவிடப் போய், வெள்ளயம்பலத்தில் மாட்டிக்கொண்டான். உள்ளே இருந்தது ராகேல் ஒருத்திதான். மாடியில் காய்ச்சலோடு கிடக்கிற இரண்டு சின்னப் பிள்ளைகளை வேறு, கொல்லத்திலிருந்து வந்த ஒரு பெண் அவள் பொறுப்பில் விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

எட்டரை மணிக்கு லாட்ஜ் ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரி. ஆமினத்துக்குக் கருவிழி கிடைத்துவிட்டது, பன்னிரண்டு மணிக்குள் வந்து சேர வேண்டும், வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ராகேல் சொன்னதும் யூசுப் ஆமினத்தைக் கூட்டிக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டார். ராகேல் வினீத்தைக் கைபேசியில் பிடித்தாள்.

"அக்கா, நீங்க ஒண்ணும் பேடிக்கண்டாம். நான் காரு கொண்டு வரேன்" என்று மலையாளம் கலந்த தமிழில் தைரியம் சொன்னான் அவன்.

"எதில கூடி வருவ? அம்மே கேட்டிலயே அடுப்பு போட்டிருக்காங்க, கேட்டியா?"

அதோடு லைனே அறுந்துபோயிற்று. லட்சக்கணக்கான பேர் ஒரே ஊரில் கூடினால் கைபேசிக் கோபுரம்தான் என்ன செய்யும்! அதற்கப்புறம் யாரையும் பிடிக்க முடியவில்லை.

ராகேல் கேட்டுக்கு ஓடினாள். அம்மிணியம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கை நின்றது.

"நீ கூடப் போ மக்கா. கண்ணு காரியமில்லியா?"

"மேல ரெண்டு பிள்ளைய கிடக்கே அக்கா. ஒண்ணுக்கு நூத்தி மூணு டிகிரி. எப்பிடி விட்டுட்டுப் போக?"

அம்மிணியம்மா மாடியை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீ எழுது. நீ எழுதினா அவ்வோ போய்ச் சேருவாவ" என்றார். என்னமோ ராகேலின் எழுத்துக்குக் கால் முளைத்திருக்கிறது என்கிற மாதிரி.

மேசைக்குத் திரும்பி வந்து பேனாவைத் திறந்தாள். மற்ற சீட்டில் தப்பு வந்தால் ஒருத்தர் அரை மணி நேரம் அலைவார், அவ்வளவுதான். இதில் தப்பு வந்தால் ஒரு டீச்சரம்மாவின் கண்.

ரோடு கிடையாது. ஆனால் ரயில் உண்டு. பொங்காலையன்று காலையில் ரயிலெல்லாம் பிதுங்கிக்கொண்டு வரும், காலியாகத் திரும்பிப் போகும். பின்னேரம் அது நேர் எதிர். அவளே அன்று நேமத்திலிருந்து ரயிலில்தான் வந்திருந்தாள். பவர்ஹவுஸ் ரோட்டுப் பக்கம் ஸ்டேஷனுக்குப் பின்வாசல் உண்டு. கொல்லம் போகிற வண்டி பத்து மணிக்குள் கிளம்பும். அடுத்த ஸ்டேஷன் பேட்டை. ரோட்டில் எத்தனை லட்சம் அடுப்பு எரிந்தாலும் வண்டிக்குக் கவலையில்லை. இன்னொன்றும் இருந்தது. பத்தரைக்குக் கோயில் அடுப்பில் தீ வைப்பார்கள். அங்கிருந்து அடுப்புக்கு அடுப்பு தீ கை மாறி வரும். அப்புறம் ஊரே புகை. வெட்டப் போகிற கண்ணோடு அந்தப் புகைக்குள் நடக்கலாமா? அதற்கு முன்னால் வண்டிக்குள் இருந்தாக வேண்டும்.

நோட்டில் எழுதிப் பார்த்தாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். முன் கேட் வேண்டாம், சமையல்கட்டுக் கதவு. வெளியே போனதும் மதில் கூடவே, அதற்கு 'அலாங்', மதில் வலது கையில். அப்புறம் அடுப்பு வரிசை. இங்கே 'அக்ராஸ்' என்று எழுதப்போனவள் பேனாவை எடுத்துவிட்டாள். அந்தச் சொல்லைப் பார்த்தால் மனுஷன் குறுக்கே தாண்டிப் போவார். ஒருத்தி விரதமிருந்து போட்ட அடுப்பைத் தாண்டலாமா? இரண்டு வரிசைக்கும் இடையில் ஒரு ஆள் போக இடம் விட்டிருப்பார்கள், அந்த இடைவெளியோடு போக வேண்டும். 'பிட்வீன்' என்று போட்டு அடியில் ஒரு கோடும் இழுத்தாள். பிறகு ஸ்டேஷன் பின்வாசல், நடைபாலம் ஏறித் தண்டவாளத்துக்கு 'ஓவர்', நாலாம் பிளாட்பாரத்தில் வண்டி, பேட்டையில் இறங்கல்.

அங்கே பேனா நின்றது.

பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு அவள் போனதில்லை. எப்போதும் பஸ்ஸில் பட்டம் ஜங்ஷன் வழியாகத்தான் போயிருக்கிறாள். ஸ்டேஷனிலிருந்து சுமாராக எந்தப் பக்கம் என்று தெரியும். லாட்ஜ் வைஃபையில் மேப் பார்த்து நாலு வரி எழுதிவிடவும் முடியும். யூசுப் எதிரில் நின்று அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமினத் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் தூக்கி, கேட்டுக்கொண்டு நின்றார்.

ராகேல் எழுதினாள். 'பேட்டை ஸ்டேஷன் வாசல்வரை என் சீட்டு. இதற்கு மேல் நான் போனதில்லை. இந்தச் சீட்டை ஒரு பெண்ணிடம் காட்டிக் கேளுங்கள்.' அதன் கீழே மலையாளத்தில் ஆஸ்பத்திரியின் பெயர், பன்னிரண்டு மணி, கண் ஆபரேஷன். முழுவதையும் நோட்டிலிருந்து சீட்டில் பார்த்தெழுதிக் கொடுத்தாள்.

அவர்கள் ஒன்பதேகாலுக்குச் சமையல்கட்டுக் கதவு வழியே போனார்கள். யூசுப் சீட்டை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார், ஆமினத் அவர் தோளைப் பிடித்திருந்தார். அடுப்பு வரிசைக்குள் நுழையும்முன் அவர் நின்று, கீழே கோடு போட்ட சொல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெண்கள் ஒதுங்கிக் கொடுத்த இடைவெளியில் ஒவ்வொரு அடியாக வைத்துப் போனதை ராகேல் பார்த்தாள். பிறகு கூட்டம் மறைத்துவிட்டது.

பத்தரை தாண்டியதும் தீ வந்தது. குரவைச் சத்தம் எழும்பி ஊரே புகைந்தது. ராகேல் பிள்ளைகளுக்கு நெற்றியில் ஈரத்துணி மாற்றினாள், கடிகாரம் பார்த்தாள், திரும்பவும் துணி மாற்றினாள்.

பதினொன்றரைக்கு வினீத் வேர்த்து விறுவிறுத்து நடந்தே வந்து சேர்ந்தான். அவர்கள் போய்விட்டார்கள் என்றதும் நோட்டைப் பிடுங்கிப் படித்தான். கடைசி வரியில் அவன் முகம் மாறிவிட்டது.

"என்ன அக்கா இது? போனதில்லைன்னு ஆராவது எழுதுவாங்களா? பாவம், அவங்க பேடிச்சுப் போவாங்க! மொபைல் பாத்து ரெண்டு வரி எழுதியிருந்தா மதி, அது போதுமாயிருந்தது."

"நான் போகாத வழியை எப்பிடி எழுத?"

"இன்னைக்கு ஒரு நாளு எழுதியிருக்கலாம் அல்லே!"

அவன் கெட்டவன் இல்லை, பதற்றத்தில் பேசினான். ஆனால் அந்தச் சொல் அவளைக் குத்திவிட்டது. நமக்கு இருக்கிற பெருமைக்காக ஒரு குருட்டு மனுஷியை நடு வழியில் விட்டுவிட்டோமோ என்று நினைத்தாள். பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டரை. ஆஸ்பத்திரி நம்பரை எத்தனை தடவை சுழற்றினாலும் எங்கேஜ்ட். மேசைக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் கைகளைக் கோத்துக்கொண்டு ஜெபம் செய்தாள்.

ஒன்றேகாலுக்கு ஃபோன் அடித்தது. வினீத் கை நீட்டுவதற்குள் ராகேல் எடுத்துவிட்டாள்.

"உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவு மூடியிருக்கிறது. மேலே சிவப்பு விளக்கு எரிகிறது" என்றார் யூசுப்.

"எப்போது போய்ச் சேர்ந்தீர்கள்?"

"பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது. பேட்டையில் முதலில் பார்த்த பெண்ணிடம் சீட்டைக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தாள். அவள் புருஷன் பொங்காலைப் பெண்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்புகிற டெம்போ ஒன்றை வைத்திருந்தான். அதில் முன் சீட்டில் எங்களை ஏற்றி வாசலிலேயே இறக்கிவிட்டான்."

ராகேலால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "கடைசி வரியைப் பார்த்துப் பயந்துவிட்டீர்களா?"

யூசுப்புக்கு இங்கிலீஷில் சொல் தேட வேண்டியிருந்தது. "அந்த வரியைத்தான் நான் முதலில் படித்தேன். அங்கே தெரியாது என்று சொல்கிறாள், அப்படியானால் மற்றதெல்லாம் தெரிந்து சொல்கிறாள். அந்த நம்பிக்கையில்தான் ஆமினத்தைக் கூட்டிக்கொண்டு அத்தனை அடுப்புக்கு நடுவில் இறங்கினேன்."

ரிசீவரை வைத்துவிட்டு ராகேல் வினீத்துக்கு அதை அப்படியே தமிழில் சொன்னாள். ஒரு சொல் கூட விடவில்லை. சொல்லி முடித்ததும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நன்றாக அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறபோது வெட்கம் எதற்கு? வினீத் கேட்டுக்கு ஓடி அம்மாவிடம் விஷயத்தைக் கத்தினான். அம்மிணியம்மா புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே, பக்கத்து அடுப்பு, அதற்கும் அடுத்த அடுப்புவரை கேட்கும்படி, "நான் சொல்லல்லியா? அவ எழுதினா போய்ச் சேருவாவ" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ராகேல் பேட்டையில் போய் இறங்கினாள். நோட்டோடு ஆஸ்பத்திரிவரை நடந்தாள். இருபத்திரண்டு நிமிஷம். நோட்டில் 'இதற்கு மேல் நான் போனதில்லை' என்ற வரிக்குக் கீழே ஆறு வரி சேர்ந்தது. பழைய வரியை அவள் அடிக்கவில்லை.

ஆனி மாதம். நல்ல மழை. மறுபரிசோதனைக்காக யூசுப்பும் ஆமினத்தும் முதல் நாள் சாயங்காலம் வந்து அதே அறையில் தங்கியிருந்தார்கள். காலையில் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். பதினொரு மணி இருக்கும். மேசைக்கு எதிரே யாரோ குடையை மடக்குகிற சத்தம் கேட்டு ராகேல் நிமிர்ந்தாள்.

ஆமினத். தனியாக. ஒரு கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடித் தடுப்பு, இன்னொரு கண்ணில் தடிமனான லென்ஸ். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் பொங்காலைச் சீட்டு.

"யூசுப் எங்கே?" ராகேல் பதறிவிட்டாள்.

"மருந்து வாங்குகிற வரிசையில் நிற்கிறார். நான் முன்னால் போகிறேன் என்றேன். முதலில் விட மாட்டேன் என்றார்." ஆமினத் நாற்காலியைத் தடவாமல், நேரே பார்த்து இழுத்து உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரி வாசலில் பேட்டை ஸ்டேஷன் எங்கே என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். அதிலிருந்து உன் சீட்டுத்தான். கீழேயிருந்து மேலே படித்துக்கொண்டு வந்தேன். ஐந்து வருஷத்தில் நான் தனியாக வந்த முதல் வழி இது."

ஆமினத் பழைய டீச்சர். அவர் சீட்டை மேசையில் வைத்து, ஒரு விரலால் தட்டினார்.

"ஆனால் இதில் ஒரு குறை இருக்கிறது. மதில் வலது கைப் பக்கம் என்று போட்டிருக்கிறாய். திரும்பி வருகிறபோது அது இடது கையில் வந்துவிடுகிறது. அந்த இடத்தில் நான் மழையில் பத்து நிமிஷம் நின்றேன்."

ராகேல் சீட்டைப் பார்த்தாள். பிறகு மேசைக்குப் பின்னால் அடுக்கியிருந்த தன் நோட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். பத்தொன்பது வருஷம், பதினேழு நோட்டு, அத்தனையும் போகிற வழிதான். திரும்பி வருகிற வழியை அவள் எழுதியதே இல்லை. யாரும் கேட்டதில்லை. தெரியாத ஊரில் போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் எல்லோரும் வந்தார்கள். தனியாகத் திரும்பி வந்து குறை சொல்கிற அளவுக்கு அவள் சீட்டு ஒருத்தரையும் கொண்டுவிட்டதில்லை, இன்றுவரை.

அவள் புது நோட்டு ஒன்றைப் பிரித்து, முதல் பக்கத்தின் முதல் வரியில் ஆஸ்பத்திரி 'டு' சந்திரிகா லாட்ஜ் என்று எழுதினாள். பேனாவை ஆமினத்தின் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்கள் சொல்லுங்கள், நான் சரி பார்க்கிறேன்" என்றாள். "இல்லை, நீங்களே எழுதுங்கள். இந்த வழியில் வந்தது நீங்கள்தானே."